வளையல் சுற்றாமல் நின்றால் வரச் சொன்னவர்

1. சிவநேசன் த/பெ மாரிமுத்து ஆகிய நான் தானா ராத்தாவில் வழக்கறிஞராகத் தொழில் செய்கிறேன். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் பிறந்தவன். அந்தத் தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அறிந்தவர்களுக்கு அது தேவையில்லை. அறியாதவர்களுக்கு அதனால் பயனில்லை.

2. அந்தத் தோட்டத்தின் கிளினிக்கில் மருத்துவச்சியாகப் பணியாற்றிய ஆரோக்கியமேரி அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன். தோட்டத்தில் தாதியரை மிசி என்று அழைக்கும் வழக்கப்படி, நம் எல்லோருக்கும் அவர் மேரி மிசி. அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது நான் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். எனவே அவர் கையில் பிறந்தவன் என்ற உரிமையை, தோட்டத்தில் பலர் கொண்டாடுவதுபோல் என்னால் கொண்டாட முடியாது.

3. நான் கண்டது, மிசி என்னிடம் சொன்னது, பிறர் சொல்லி அறிந்தது ஆகியவற்றைப் பிரித்தே எழுத முயன்றிருக்கிறேன். பிரிக்க முடியாமல் போனது என் கசப்பு மட்டும். அதைக் கழித்துவிட்டுப் படிக்க விரும்புவோர் அப்படியே செய்யலாம்.

செய்தி தொலைபேசியில் வந்தது. ரிங்லெட்டில் மிசியின் அடுத்த வீட்டில் குடியிருக்கும், காய்கறி தரம் பிரிக்கும் வேலை செய்யும் பெண் அழைத்தார். “சார், மிசி போயிட்டாங்க. காலையில கஞ்சி கொண்டு போனேன். நாற்காலியில உக்காந்தபடியே இருந்தாங்க.” வேறு என்ன கேட்பதென்று தெரியாமல், யார் யாருக்குச் சொல்லியாயிற்று என்று கேட்டேன். “எல்லாருக்கும் சொல்லியாச்சு சார். லைன் சனமெல்லாம் வேன் எடுத்துட்டு வராங்கலா. தோட்டத்து மேனேஜர் துரைகூட மாலை அனுப்புறாராம்.” அவர் ஆறுதலாகத்தான் அதைச் சொன்னார். அதைக் கேட்ட பிறகே என் கண் கலங்கியது. துயரத்தால்தான் கலங்கியது என்று என்னால் உறுதிகூற முடியாது.

மிசி தொழில் செய்த விதத்தை முதலில் பதிவு செய்ய வேண்டும். பின்னர் குற்றமாக்கப்பட்டது அதுதான். நம் லைன்களில் கரு உண்டானதைத் திருஷ்டிக்குப் பயந்து சில மாதங்களுக்கு வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்ன பிறகும் மலைக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டர் வயிற்றையும் கையையும் மூடியிருக்கும். கிளினிக்குக்கு வரச் சொன்னால் அடுத்த வாரம் என்பார்கள். ஆனால் வளைகாப்பை யாரும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்ததில்லை. மிசி அதைக் கவனித்தார். அவர் மாதா கோவிலுக்குப் போகிறவர். ஆயினும் தோட்டத்தில் நடந்த எந்த வளைகாப்புக்கும் அவர் வராமலிருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அழைப்புக்காக அவர் காத்திருந்ததும் இல்லை. சந்தனம் பூசுவதற்கு முன் எல்லோரையும் நிறுத்திவிட்டு, மனையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இரத்த அழுத்தம் பார்ப்பார். சுமங்கலிகள் எல்லோரும் வளையல் போட்டு முடித்தபின் கடைசி ஆளாய்ப் போய், மணிக்கட்டில் தளர்வாகச் சுற்றும் அளவில் ஒரு ஜோடிச் சிவப்புக் கண்ணாடி வளையலைப் போடுவார். போட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் சொல்வார்: “இது சுத்தாம நிக்கிற அன்னைக்கு என்கிட்ட வா. யாரையும் கேக்காத. வா.”

இது மூடநம்பிக்கையாகாதா என்று, சட்டம் படித்த திமிரில், ஒருமுறை அவரிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது சகஜம். கையும் முகமும் சட்டென்று வீங்கினால் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் விட்டால் வலிப்பு வரலாம் என்று விளக்கினார். “வளையல் மருந்து இல்லப்பா. கருவியும் இல்ல. நான் பக்கத்துல இல்லாதப்போ அடிக்கிற மணி.” பிறகு, தான் படித்த பயிற்சிப் பள்ளியில் யாரும் சொல்லித்தராத ஒன்று என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்: “பேறு நோய் இல்ல. ஆனா நோய் ஒளிஞ்சுக்கிறதுக்கு அதைவிட நல்ல இடமும் இல்ல.”

என் மனைவி தேவிகாவுக்கும் அந்தச் சிவப்பு வளையல் கிடைத்தது. நாங்கள் அப்போதே தானா ராத்தாவுக்குக் குடிவந்துவிட்டோம். வளைகாப்பு மட்டும் என் பெற்றோரின் லைன் வீட்டில் நடந்தது. ஒருநாள் வளையல் இறுகியதென்று தேவிகா பயந்துபோய், நான் வருவதற்குள் டாக்சி பிடித்துத் தோட்டத்துக் கிளினிக்குக்குப் போய்விட்டாள். மிசி எல்லாவற்றையும் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். தொந்தரவு கொடுத்துவிட்டேன் என்று இவள் வருந்தியதற்கு அவர் கோபப்பட்டாராம். “ஒண்ணும் இல்லன்னு சொல்றதும் என் வேலைதான். நீ வந்த பாரு, அதுதான் சரி.”

மறைந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்வது வழக்கம். அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டால் நடந்தது விளங்காது. மிசியின் நாக்கு பொல்லாதது. கோமதி என்ற பெண் முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். தாயில்லாதவள் என்பதால் வளைகாப்பும் பேறுகால ஏற்பாடும் மாமியார் தனலட்சுமி வீட்டிலேயே நடந்தன. தனலட்சுமி அவளை மருமகளாகப் பார்க்கவில்லை. பெற்ற மகளைப்போலத்தான் பார்த்தார். மருமகளுக்குப் பசியில்லை என்று ஏதோ கஷாயம் கொடுத்ததைக் கிளினிக்கில் அவரே வெள்ளந்தியாகச் சொல்ல, வரிசையில் இருந்த பெண்கள் எல்லோர் முன்னாலும் மிசி கேட்டார்: “நீ என்ன டாக்டரா? அப்படின்னா இந்த நாற்காலியில வந்து உக்காரு, நான் போயி தேயிலை வெட்டுறேன்.” வரிசை முழுவதும் சிரித்தது. தனலட்சுமி சிரிக்கவில்லை. அடுத்த முறை கிளினிக் நாள் வந்தபோது, மழையாக இருக்கிறது, பிறகு போகலாம் என்று மருமகளிடம் சொல்லிவிட்டார்.

அந்த இடைவெளியில்தான் கோமதியின் கையில் வளையல் சுற்றாமல் நின்றது. அவள் மிசி சொன்னதை நினைவூட்டியிருக்கிறாள். தனலட்சுமியின் கவலை வேறாக இருந்தது. இறுகிய கண்ணாடி வளையல் தூக்கத்தில் உடைந்துவிடலாம்; பிள்ளைத்தாய்ச்சியின் கையில் வளையல் உடைவது ஆகாது. ஆகவே சோப்பு நுரை தடவி, ஒன்றுகூட உடையாமல், எல்லா வளையல்களையும் பதமாகக் கழற்றினார். பிரிஞ்சாங்கில் பாசா மாலாம் என்ற இரவுச் சந்தைக்குப் போய் ஓரளவு பெரிய பச்சை வளையல்களை வாங்கிவந்து போட்டுவிட்டார். அவை நன்றாகச் சுற்றின. தலைவலி வந்தபோது பனிக்காற்று என்று தைலம் தடவினார்கள். இரண்டு கைகளும் ஸ்வெட்டருக்குள் இருந்தன.

ஒரு காலையில் கோமதிக்கு வலிப்பு வந்தது. மிசி தோட்டத்து லேண்ட்ரோவர் வண்டியில் கூடவே ஏறி, வழியில் செய்யக்கூடியதையெல்லாம் செய்துகொண்டு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தார். மருத்துவர்கள் போராடிப் பெண் குழந்தையைக் காப்பாற்றினார்கள். கோமதி பிழைக்கவில்லை. ஊசி போடுவதற்காக ஸ்வெட்டர் கையை மேலே தள்ளியபோது பச்சை வளையல்களைக் கண்டதாகவும், எதிரே உட்கார்ந்திருந்த தனலட்சுமியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்ததாகவும் மிசி பின்னர் என்னிடம் சொன்னார்.

தோட்ட நிர்வாகம் உள்விசாரணை வைத்தது. அறிவியலுக்குப் புறம்பாக வளையலைக் கொண்டு நோயறியும்படி தொழிலாளர் குடும்பங்களை மிசி பழக்கினார் என்பது குற்றச்சாட்டு. அலுவலக எழுத்தரான கிராணி அதைத் தட்டச்சு செய்துகொண்டுவந்து கொடுத்தார். அவருடைய இரண்டு மகள்களும் அந்த வளையலைப் போட்டுக்கொண்டவர்கள். வெளி வழக்கறிஞருக்கு அந்த அறையில் இடமில்லை. மிசியின் எழுத்துப்பூர்வமான பதிலைத் தயாரித்துக் கொடுப்பதும், சாட்சிகளைத் தேடுவதும் என் பங்காயிற்று. தோட்டத்தில் குடியிருப்பவர்களை மட்டுமே சாட்சிகளாக ஏற்போம் என்று சொல்லிவிட்டதால், தேவிகா வரத் தயாராக இருந்தும் பயனில்லை.

பச்சை வளையல்களைப் பற்றிப் பதிலில் எழுத வேண்டும் என்று நான் வாதிட்டேன். அது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும். மிசி மறுத்தார். “அந்தம்மா பேரை எழுதாத. தாயில்லாத பிள்ளை அந்த வீட்டுலதான் வளரணும். நீ எழுதினா கோமதி புருஷன் தன் அம்மாவை வெளிய தள்ளிருவான். அப்புறம் பிள்ளைக்கு யாரு?” அவருடைய வேலையும் பெயரும் போய்விடும் என்றேன். தெரியும் என்றார். கட்சிக்காரரின் அறிவுறுத்தலை மீற எனக்கு அதிகாரமில்லை, எழுதவில்லை.

எஞ்சியது ஒரே வழி. மிசி ஒவ்வொரு வளைகாப்பிலும் கருவி வைத்துப் பார்த்தார், வளையல் இறுகினால் வரச் சொன்னார் என்ற உண்மையை இரண்டு பெண்கள் வந்து சொன்னால் போதும். அதில் யாருக்கும் பாதகமில்லை. நான் லைன் லைனாகப் போனேன். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள். மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். மிசி போல் ஒருவர் உண்டா என்றார்கள். சாட்சிக்குப் பெயர் கேட்டவுடன் பேச்சு மாறியது. “நீங்க லோயரு தம்பி, பேசிட்டுப் போயிருவீங்க. நாங்க லைன்ல இருக்கணும்லா,” என்றார் ஒருவர். செல்லம்மாள் அக்கா இன்னும் ஒருபடி மேலே போனார். “வளையலா? மிசியா போட்டாங்க? எனக்கு ஞாபகம் இல்லையே தம்பி.” அவர் அதைச் சொன்னபோது, அவருடைய மகள் பக்கத்தில் நின்று, நிறைமாத வயிற்றோடு என் கோப்பையை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் சிவப்பு வளையல் சுற்றிக்கொண்டிருந்தது.

விசாரணை நாளில் யாரும் வரவில்லை. மிசி தாமாகவே விலகிக்கொள்ளலாம் என்று நிர்வாகம் பெருந்தன்மை காட்டியது. அவர் ரிங்லெட்டுக்குக் குடிபோனார்.

அதன்பின் நடந்ததை நான் கண்ணால் கண்டேன். வருடங்கள் செல்லச்செல்ல, அதே லைன்களிலிருந்து பெண்கள் தங்கள் மகள்களையும் மருமகள்களையும் கூட்டிக்கொண்டு ரிங்லெட்டுக்கு வந்தார்கள். வளைகாப்பை வீட்டில் முடித்துவிட்டு, மிசி கையால் ஒரு ஜோடி போட வேண்டும் என்று வந்தார்கள். தோட்டத்து விசாரணை அறைக்கு நடந்து வர முடியாதவர்களுக்கு இதற்குப் பேருந்து கிடைத்தது. நான் ஒருநாள் அங்கே இருந்தபோது, அவர்கள் போன பிறகு இவர்களுக்கு ஏன் போட்டுவிடுகிறீர்கள் என்று என் கோபத்தை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். மிசி அதற்கு, “அவங்க மேல எனக்குக் கோவம்தான். இல்லன்னு யாரு சொன்னா? ஆனா கை அந்தப் பொண்ணோட கை,” என்றார். ஒவ்வொருவரையும் அரசாங்கக் கிளினிக்கில் பதிந்துவிட்டாயா என்று கேட்காமல் அவர் வளையல் போட்டதில்லை. திட்டாமல் அனுப்பியதும் இல்லை.

அவர் மன்னித்துவிட்டார் என்று அடக்கத்தின்போது ஒருவர் பேசினார். அது உண்மையல்ல. மன்னிக்காமலேயே அவர் தம் வேலையைச் செய்தார்.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் தனலட்சுமி எனக்காகக் காத்திருந்தார். இப்போது முதுமை தெரிகிறது. “தம்பி, மிசியைப் பத்தி நீங்க எழுதப் போறீங்கன்னு சொன்னாங்க. நடந்ததை எழுதுங்க. என் பேரோட எழுதுங்க.” எழுதினால் திரும்பப் பெற முடியாது, அதற்கு நீங்கள் கடமைப்பட்டவரும் அல்ல என்று என் தொழில் முறைப்படி எச்சரித்தேன். அவர் சொன்னார்: “மிசி செத்த அன்னைக்கே பிள்ளைகிட்ட நானே சொல்லிட்டேன். உங்கம்மா கையில இருந்த வளையலைக் கழட்டினது நான்தான்னு.” பிள்ளை என்ன சொன்னாள் என்று கேட்டேன். “எந்த வளையலுன்னு கேட்டுச்சி. சிவப்புன்னு சொன்னேன். வச்சிருக்கியான்னு கேட்டுச்சி. எடுத்துக் குடுத்தேன்.” ஒன்றுகூட உடையாமல் கழற்றியவை அல்லவா. இத்தனை காலமும் வைத்திருந்திருக்கிறார்.

மேலே தனலட்சுமி வீட்டில் நடந்ததாக நான் எழுதியிருப்பவை அவர் அன்று சொல்லி அறிந்தவை.

மேரி மிசியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரே வாக்கியம்: “அந்தம்மா பேரை எழுதாத.” அவர் உயிரோடிருந்தவரை அதை மீறவில்லை. அது சரியான முடிவு என்று அன்றும் நான் ஒப்புக்கொள்ளவில்லை; இன்றும் என்னால் முடியவில்லை. அந்தப் பிள்ளை அந்த வீட்டில் வளர்ந்து, நேராக நின்று கேள்வி கேட்கும் பெண்ணாகியிருக்கிறாள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இதை ஏற்றுக்கொண்டு தீர்ப்பை மாற்ற இனி எந்த விசாரணையும் இல்லை. ஆயினும் முறைப்படி எழுதி முறைப்படி முடிக்கிறேன். மிசியின் நினைவுக்கூட்டத்தில் இதை வாசித்துவிட்டு, சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று சொன்னபோது, பேனாவைக் கேட்டு இத்தனை பேர் எழுந்து வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேர் போதும் என்று சொல்லி மற்றவர்களை உட்காரவைத்தேன். அன்றும் இரண்டு பேர் போதுமாகத்தான் இருந்தது.

ஒப்பம்,
சிவநேசன் த/பெ மாரிமுத்து
தானா ராத்தா

சாட்சிகள்:
தனலட்சுமி த/பெ காளியப்பன்
செல்லம்மாள் த/பெ இராமசாமி