தானாகத் திரும்பிய தண்டு

குடிநீர் ஏற்றும் நிலையத்தில் அவரை ‘நாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய குழாய்களின் வால்வுகளில் மோட்டார் பொருத்துவது அவர் வேலை. குழாய்க்குள் இருக்கும் வால்வுத் தட்டைத் திருப்புவதற்காக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் மேல் உள்ளங்கையை வைத்து, நாடி பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்காமல் மோட்டாரை ஏற்ற மாட்டார். வீட்டில் மிக்ஸி மேலும் அப்படித்தான் கை வைப்பார் என்று ஊரெல்லாம் சொல்லி மனைவி மானத்தை வாங்கியிருந்தாள். மனிதர் பயந்த சுபாவம். அதை மறைக்கவும் தெரியாது.

அன்று அடித்தளத்தில் ஒரு வால்வின் பழைய கைச்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மோட்டார் ஏற்ற வேண்டும். வால்வுக்கு இரண்டு பக்கமும் தண்ணீரை வடித்தாயிற்று. குழாய்க்குள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன் மனைவியின் தம்பி. வால்வில் வேலை செய்கிறவனும் குழாய்க்குள் இறங்குகிறவனும் மின்பெட்டியில் அவரவர் பூட்டைத் தொங்கவிட வேண்டும், வேலை முடிந்து வெளியே வந்தபின்தான் எடுக்க வேண்டும் என்பது அங்கே கட்டாயம். ஒரு பூட்டு தொங்கினாலும் மின்சாரம் வராது.

மதியம் நாடி வந்து பார்த்தபோது அவருடைய பூட்டு மட்டும்தான் தொங்கியது. மைத்துனன் கிளம்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். சங்கிலியில் மோட்டார் தயாராகத் தொங்கியது. அதை ஏற்றி, ஓட்டிப் பார்த்துவிட்டால், மேன்ஹோலை மூடித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். கைச்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வழக்கம்போலத் தண்டின் மேல் கை வைத்தார்.

தண்டு திரும்பியது.

மயிரிழைதான். பிறகு பழைய இடத்துக்கே வந்து நின்றது, தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பதுபோல. நாடி மேற்பார்வையாளரிடம் ஓடி, உள்ளே ஆள் இருக்கிறது என்றார்.

மேற்பார்வையாளர் கடுகடுத்தார். பூட்டு இல்லையென்றால் ஆளும் இல்லை, இதில் என்ன ஜோசியம் என்றார். ஆனாலும் நாடி தன் பூட்டின் சாவியைக் கொடுக்கவில்லை.

“உள்ள பாத்துட்டு வரேன் சார். அதுக்கப்புறம் எவ்வளவு வேணா திட்டுங்க.”

காற்றுக் குழாயைப் போட்டு, முகமூடியும் இடுப்புக் கயிறுமாக மேன்ஹோலில் இறங்கினார். ஏணியடியிலேயே மைத்துனன் குப்புறக் கிடந்தான். வேலை முடிந்து பூட்டை எடுத்தவன், மறந்துவிட்ட டார்ச்சுக்காக, ஒரு நிமிஷம்தானே என்று பூட்டு மாட்டாமல் மறுபடி இறங்கியிருக்கிறான். பெயின்ட் நெடி ஆளைச் சாய்த்துவிட்டது. கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். மூச்சு இருந்தது. நாடி தரையில் உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் அக்கா வீட்டில் தங்கினான். தனியாக இருந்தபோது நாடி கேட்டார்.

“உள்ளேருந்து வால்வுத் தட்டை நீதானே தள்ளுன, மாப்ள? நல்ல வேலை செஞ்ச.”

“நான் எங்க மாமா தள்ளுனேன்? இறங்குனதும் விழுந்துட்டேன். வால்வு அந்தக் கோடியிலதானே இருக்கு.” அவன் குரலைத் தணித்தான். “நான் பெயின்ட் அடிச்ச அத்தனை நாளும் அந்தத் தட்டு லேசா ஆடிக்கிட்டேதான் இருந்துச்சு. நீங்கதான் வெளியில கை வெச்சுப் பாக்கறீங்கன்னு நெனச்சேன்.”

நாடி அந்த வால்வைத் தொட்டதே அன்று மதியம்தான்.

“தண்ணியோட அழுத்தமா இருக்கும்,” என்றார்.

இரண்டு பக்கமும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். இருவரும் எழுந்திருக்கவில்லை.