பல் பதிந்த தோட்டா

போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் அந்தச் சிவப்புத் தோட்டாவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாமா இது, நாய் கடிச்சா மாதிரி கீது?" என்றார். மாமனார் இறந்துவிட்டதால், அவருடைய துப்பாக்கியையும் மீதித் தோட்டாக்களையும் ஒப்படைக்கப் போயிருந்தேன். மற்றதெல்லாம் புதுசு மாதிரி இருந்தது. இது ஒன்றில்தான் இரண்டு பக்கமும் பல் தடம்.

படாளத்தில் அவருக்குக் கரும்புத் தோட்டம். பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. தோட்டாவில் அவரிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்று குண்டு, உள்ளே ஒரே ஈயக் கட்டி, பன்றியைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். மற்றது ரவை, கடுகு கடுகாகச் சிதறும், கொக்குக்கும் முயலுக்கும்தான் ஆகும். பெரிய மிருகத்தை அதில் சாய்க்க வேண்டுமென்றால் குழாய் அதன் மேல் இடிக்கிற அளவு கிட்டே போக வேண்டும். என் கணவர் அணுபுரத்தில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். நான் கூடுவாஞ்சேரிக்காரி, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண், காதல் கல்யாணம். அந்த வீட்டுக்கு வந்து குழந்தையும் பிறந்தாயிற்று, மாமனார் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துக் கேட்பார். எனக்கும் வீம்பு, நானும் சுவருக்கே பதில் சொல்வேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. பம்புசெட்டுத் தொட்டியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வேப்பமரத்தில் தூளி, தூளியில் என் பெண். வெறி பிடித்த நரி ஒன்று காலையிலேயே இரண்டு மாட்டைக் கடித்துவிட்டது என்று ஊரே தேடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வெட்டாத கரும்புக்குள்ளிருந்து அது வெளியே வந்தது. வாயெல்லாம் நுரை, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஓடவில்லை, குடிகாரன் நடையில் தூளியை நோக்கி வந்தது. நான் குழந்தையை வாரிக்கொண்டு தொட்டிச் சுவரோடு ஒண்டினேன். பின்னால் சிமெண்டு, எதிரே நரி.

நரிக்குப் பின்னால் வரப்பில் மாமனார் வந்து நின்றார். மேலே சட்டை இல்லை, லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினார். குழாய் நேராக எங்களைப் பார்த்தது. "அண்ணாத்த, அடி! இன்னா பாத்துகினு கீற?" என்று யாரோ கத்தினார்கள். அவர் துப்பாக்கியை இறக்கி, மடித்து, உள்ளே இருந்த குண்டை உருவினார். வைக்கச் சட்டைப்பை இல்லை, பல்லில் கடித்துக்கொண்டார். இடுப்பு மடியிலிருந்து ரவைத் தோட்டாவை எடுத்துப் போட்டார். பிறகு நரியை நோக்கி நடந்தார்.

காலடி கேட்டு அது திரும்பிப் பாய்ந்தது. குறுக்கே நீட்டிய அவருடைய இடது கையைக் கவ்வியது. அவர் உதறவில்லை. கையை அதன் வாய்க்குள்ளேயே விட்டு, முழங்காலால் அதைச் சேற்றில் அழுத்தினார். அது உறுமிக்கொண்டே கடித்த சதையைக் குதறியது. எலும்பில் பல் உரசிய சத்தம் எனக்குக் கேட்டது. அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை, வாயில்தான் தோட்டா இருந்ததே. குழாயை அதன் விலாவில் குத்திச் சுட்டார். நரியின் குடல் என் துவைத்த துணிமேல் தெறித்தது. அப்புறமும் அது பிடியை விடவில்லை. கரும்பு வெட்டும் ஆட்கள் வந்து தாடையைக் கத்தியால் நெம்பித்தான் கையை எடுத்தார்கள்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். "குண்டு போட்டிருந்தா தூரத்துலயே முடிஞ்சிருக்குமே!" என்று அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "குண்டு நரியோட நிக்காதும்மா. பின்னால நீ கீற, கொயந்த கீது" என்றார்.

கொக்குத் தோட்டாவோடு நரி சுடப் போன ஆள் என்று ஊரில் வெகுநாள் கிண்டல். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஒருத்தன் விடாமல் சண்டைக்குப் போவேன். அவர் சிரித்துக்கொண்டே பீடி பற்றவைப்பார். வெறி கண்டவர்களுக்குத் தண்ணீர் இறங்காது என்பார்களே, அந்தப் பயம் எனக்குப் பல மாதம் போகவில்லை. சொம்பைக் கொடுத்துவிட்டு அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கண்டுபிடித்துவிட்டார். அதன்பிறகு என்னை நிறுத்திவைத்து, மடக் மடக்கென்று சொம்பைக் காலி செய்து கவிழ்த்துக் காட்டுவார். "பாத்துக்கினியா? போ, போய் சோறாக்கு." அந்த இடது கை கடைசிவரை மடங்கவில்லை.

"நாய் இல்ல சார், எங்க மாமனார் கடிச்சது" என்றேன் ரைட்டரிடம்.

"தோட்டாவப் போயி வாயில எதுக்குமா வெச்சாரு?"

வெளியே வேப்பமர நிழலில் ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டு, காலேஜுக்கு நேரமாகிறது என்று என் பெண் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் வழியாக அவளைக் கைகாட்டினேன்.