எண்ணெய் இல்லாத அரை மணி நேரம்

சாலோமிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். பாளையங்கோட்டைக்கு வெளியே எங்கள் கியர் பட்டறையில் சோதனைப் பிரிவு அவள் பொறுப்பு. அவள் குரல் தாழ்ந்தால் நாங்கள் கைவேலையைக் கீழே வைத்துவிடுவோம்.

ஹெலிகாப்டருக்கு கியர் செய்கிறோம். பறக்கும்போது எண்ணெய் மொத்தமும் ஒழுகிப்போனாலும் அது அரை மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்குள் விமானி எங்காவது இறக்கிவிடுவார். கியர் பல்லில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கும், சூட்டில் இளகாத இரும்பும்தான் அதுவரை துணை. சாலோமியின் கணவன் ஹெப்ரான் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கிறான். போக்குவரத்தெல்லாம் ஹெலிகாப்டரில்தான்.

அன்று அந்தச் சோதனைக்காக எண்ணெயை வடித்துவிட்டு ஓட்டினோம். பாதி நேரம் தாண்டியதும் கியர் கத்த ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற சங்கிலிபூதத்தான் அண்ணாச்சி எங்களிடம் சேருமுன் ஆயுசெல்லாம் நூற்பாலையில் மிஷினுக்கு எண்ணெய் விட்டவர். மிஷின் கத்தினால் அவர் கை தானாக எண்ணெய்க் குப்பிக்குப் போகும். கியர்ப் பெட்டியின் மூடியிலிருந்த ஓட்டை வழியே நாலு சொட்டு விட்டுவிட்டார். கத்தல் அடங்கியது, அரை மணி நேரமும் ஓடி முடிந்தது. முதலாளி தேவசிகாமணி அல்வா வாங்க ஆள் அனுப்பினார்.

இது செல்லாது, மறுபடி ஓட்டணும் என்றாள் சாலோமி. நாலு சொட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, தாமதித்தால் ஆர்டர் கைவிட்டுப் போகும் என்றார் முதலாளி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் குரல் தாழ்ந்தது.

"நடுக்கடல்ல எண்ணெய் போச்சுன்னா அண்ணாச்சி அங்கன வந்து சொட்டு விடுவாவளா சார்?"

அண்ணாச்சி தலை குனிந்தார். அவர் மேலும் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் அவர் மிஷின்மேல் இரக்கப்பட்டுச் செய்தார். இந்த முதலாளி தெரிந்தே மறைக்கப் பார்க்கிறார்.

சாலோமி யாரையும் கேட்கவில்லை. அதே மாதிரி இன்னொரு ஜோடியை மாட்டி, எண்ணெயை வடித்து, தானே ஓட்டினாள். வேலையை விட்டே தூக்கிவிடுவேன் என்று முதலாளி வாசலில் நின்று கத்தினார். அவள் திரும்பவே இல்லை. கியரும் கத்தத் தொடங்கியது. அண்ணாச்சி இரண்டு கைகளையும் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு நின்றார். புகை வந்தது. படீரென்று பல் உடைந்து சக்கரம் இறுகி நின்றுவிட்டது.

முதலாளி என்னவோ சொல்ல வாயெடுத்தார். சாலோமி சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.

"இன்னும் பத்து நிமிஷம் கெடக்கு சார். கீழ பூரா தண்ணி. எங்கன இறக்கச் சொல்லுதிய?"