தனம் விடைபெற்ற வீடு

"உப்பு ஜாஸ்தியா போடச் சொல்லட்டா?" என்று தனம் கேட்டாள். திருவண்ணாமலை பஸ் நிலையத்தில், கொய்யாப்பழக் கூடைக்காரியின் முன்னால் நின்றுகொண்டு கேட்டாள். நான் தலையாட்டினேன். ஆளுக்குப் பாதியாகத் தின்றுகொண்டே நடந்தோம். அவளோடு நான் இருந்த கடைசி சாதாரணப் பொழுது அது.

அதற்குப் பின் நடந்ததைச் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். துக்கத்தில் மனம் தடுமாறிவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். வேலூரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. இல்லாத எழுத்தை இருப்பதாகப் படிக்கிறவன் அந்த வேலையில் ஒரு மாதம்கூட நிலைக்க முடியாது. நான் கண்டதை மட்டும்தான் எழுதுகிறேன்.

1983 கார்த்திகை. தீபத்துக்கு முந்தின நாள், பிற்பகல். கல்யாணமான புதிதில் நாங்கள் தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். தனத்துக்கு டைபாய்டு வந்து நினைவு தப்பிக் கிடந்தபோது, அடுத்த வீட்டு ஜோதியம்மாள்தான் பத்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினார். எழுபத்து நாலில் நாங்கள் ஊரை விட்டுப் போனோம். "அக்காவை ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாங்க" என்று தனம் வருஷா வருஷம் சொல்வாள். நானும் வருஷா வருஷம் தள்ளிப்போட்டேன்.

சந்து முனையில் கவுஸ் பாஷாவின் வளையல் கடை இருந்தது. இப்போது அதில் வளையல்களோடு சாமி படங்களும் பாட்டுக் கேசட்டுகளும் தொங்கின. பாய்க்குத் தாடி நரைத்திருந்தது.

"என்னாம்மா தனம்! வேலூரு சோறு நல்லா ஒத்துக்கிச்சு போல. என் கடையில உங்க சைஸ் வளையல் இப்ப இல்ல."

"போங்க பாய், நீங்க மட்டும் அப்படியேவா இருக்கீங்க?"

"யாரைப் பாக்க வந்தீங்க? இந்தச் சந்துல இப்ப லாட்ஜை விட்டா என்னா இருக்குது?"

"சொல்ல மாட்டேன். திடுதிப்புனு போயி நிக்கணும். நீங்க ஒண்ணும் கூவாதீங்க."

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வெளியூர்ப் பெண்கள் நாலு பேர் வளையல் கேட்டு மொய்த்துக்கொண்டார்கள். நாங்கள் உள்ளே நடந்தோம்.

ஓட்டு வீடுகள் ஒன்றுகூட இல்லை. இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவர்கள். நாங்கள் இருந்த வீட்டின் இடத்தில் தண்ணீர்த் தொட்டி. தனம் ஒவ்வொன்றாகக் கைநீட்டி, "இங்கதானே பைப்பு இருந்துச்சு… இங்கதானே மாடு கட்டுவாங்க…" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சந்து ஒரே இடத்தில் வளையும். வளைந்தோம்.

ஜோதியம்மாள் வீடு அப்படியே இருந்தது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். வெளியே லட்சம் ஜனம். நாதஸ்வரம், ஒலிபெருக்கி, பஸ் ஹாரன். வளைவைத் தாண்டியதும் ஒரு சத்தமும் இல்லை.

கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரு கோரைப்பாய் சுருட்டி வீசப்பட்டிருந்தது. உள்ளே தரை கழுவி ஈரமாக இருந்தது. தீபத்துக்கு எல்லா வீட்டிலும்தான் கழுவிவிடுவார்கள். கூடத்தில் ஓர் அகல் எரிந்தது. கார்த்திகையில் இந்த ஊரில் விளக்கு இல்லாத வீடு ஏது? அடுப்பில் நெருப்பு இல்லை. விரதமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜோதியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தார். "வாங்க" என்று சொல்லவில்லை.

"அக்கா! என்னைத் தெரியலயா?"

"ஏன் தெரியாது. உக்காரு."

தனம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் பேசினாள். வேலூர் வெயில், மாமியார், வீட்டுச் சொந்தக்காரரோடு சண்டை. அவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். அவர் கண் மட்டும் விளக்கின் மேலேயே இருந்தது.

நானும் விளக்கைப் பார்த்தேன். தீப விளக்கை வாசலில் வைப்பார்கள். வரிசையாக வைப்பார்கள். இது நடுக்கூடத்தில், தரையில், ஒற்றையாக… பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். திரி தெற்கே பார்த்து எரிந்தது.

இது சாவு வீடு.

"தனம், எழுந்திரு. பஸ் போயிடும்."

அவள் எழுந்தாள். நான் பேசாமல் படி இறங்கினேன். துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. தனத்துக்கு அது தெரியாததல்ல. ஆனால் அவள் எதையும் கவனிக்கவில்லை. வாசலில் திரும்பி நின்று, சிரித்தபடி சொன்னாள்.

"போயிட்டு வர்றேன்க்கா."

ஜோதியம்மாள் முதல் முறையாகச் சிரித்தார்.

"வாம்மா."

வேகமாக நடந்தோம். வளைவில் திரும்பினால் பாயின் கடை தெரிய வேண்டும். திரும்பினோம்.

ஈரத் தரை. ஒற்றை அகல். ஜோதியம்மாள் வீடு.

"என்னாங்க இது? வழி மாறிட்டோமா?"

வழி மாற அங்கே வேறு வழியே இல்லை. மறுபடி நடந்தோம். சுவரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். சிமெண்டு சொரசொரவென்று உரசியது. வளைவு வந்தது. திரும்பினோம்.

அதே வீடு.

மூன்றாவது முறை ஓடினோம். தனம் மூச்சிரைத்தாள். அதே வீடு. இந்த முறை ஜோதியம்மாள் வாசலில் நின்றிருந்தார்.

"எங்களை விடுங்கக்கா," என்றேன்.

"நீ சொல்லலயே தம்பி. நீ போலாம்."

நான் தனத்தின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் விளக்கைப் பார்த்தாள். சுருட்டி எறிந்த பாயைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

"சாவு வீடுங்க… நான் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டேன்."

"பேசாத. வா."

"உள்ள போயி உக்காந்துட்டு, சொல்லாம எழுந்து வந்துடறேன். அப்ப சரியாயிடும். விடுங்க."

"வேணாம் தனம்…"

என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையை உருவிக்கொண்டாள்.

உள்ளே போனாள்.

நான் படியில் கால் வைத்தேன். கால் ஏறவில்லை.

டப்… சொம்பு தரையில் உருளும் சத்தம்.

பிறகு, ஒன்றுமில்லை.

"தனம்…"

வந்தாள்.

ஒரு வார்த்தையும் பேசாமல் என் முன்னே நடந்தாள். வளைவில் திரும்பினோம். பாயின் கடை. நாதஸ்வரம். ஜனம்.

"என்னா, இப்பத்தானே உள்ள போனீங்க?" என்றார் பாய். அந்த நாலு பெண்களும் முதல் ஜோடி வளையலைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். கை சில்லென்றிருந்தது. பேச்சுக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். போளூரில் டீ வேண்டுமா என்று கேட்க எழுப்பினேன்.

எழுந்திருக்கவில்லை.

முப்பத்திரண்டு வயது. மாரடைப்பு என்றார் டாக்டர்.

மறுநாள் அவளை எடுத்துக்கொண்டு போனதும், பக்கத்து வீட்டுப் பெண்கள் எங்கள் கூடத்தைக் கழுவிவிட்டார்கள். அவள் கிடந்த பாயைச் சுருட்டி வாசலில் போட்டார்கள். நடுவில் ஓர் அகல். ஒரு சொம்புத் தண்ணீர். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து வாசலில் நின்றேன். முந்தின நாள் நான் பார்த்த கூடம் இதுதான்.

பத்தாம் நாள், செய்தி கேள்விப்பட்டு, மகனோடு ஜோதியம்மாள் வந்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் தனத்தின் படத்துக்கு முன்னால் விழுந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்.

"ஒம்பது வருஷமா ஒரு தடவ வந்து எட்டிப் பாக்கலயேடி தனம்! இப்படியா நான் உன்னப் பாக்கணும்!"

அழுகை அடங்கியபின் மெல்லக் கேட்டேன். "அக்கா, சந்து வீட்டுல இப்ப…"

"அதை வித்து ரெண்டு வருஷம் ஆச்சே தம்பி. இடிச்சித் தள்ளிட்டுத்தான் லாட்ஜு கட்டியிருக்கான். நான் கீழ்பென்னாத்தூர்ல பையனோடதான் இருக்கேன். அந்தப் பக்கமே போறதில்ல."

கிளம்பும்போது அவர் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லவில்லை.

இது நடந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. அன்று அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று எனக்குத் தெரியாது. செத்துப்போனவர்கள்தான் அப்படி வருவார்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். போன மாதம் கீழ்பென்னாத்தூர் போயிருந்தேன். அக்கா களத்தில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கை நிறைய அள்ளி என் பையில் போட்டார்.

ஜோதியம்மாள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.