சுவர் ஏறி உள்ளே வந்தவள்

எங்கள் கல்லூரியில் மாணவர் ஒழுங்குக் குழு என்று ஒன்று உண்டு. அதற்கு நான் உறுப்பினர்-செயலாளர். வணிகவியல் துறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறு யாரும் கைதூக்காததால் எனக்குக் கிடைத்த பதவி இது. தலைவர் எங்கள் துணை முதல்வர். உடற்கல்வி இயக்குநர் ஒரு உறுப்பினர். மாணவர்கள் சார்பாக இறுதியாண்டுப் பையன் ஒருவன்.

துணை முதல்வர் பழைய பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். ஞாயிறு பூசைக்குப் போவது போலவே கூட்டத்துக்கும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வருவார். ஒரு விஷயம் முடிந்தது என்றால் மூக்கால் ‘போன்’ என்பார். பிரெஞ்சில் ‘சரி, நல்லது’ என்று அர்த்தம். முதல் கூட்டத்தில் அவர் அப்படிச் சொன்னதும் மாணவப் பிரதிநிதி பதறிப்போய்த் தன் கைப்பேசியை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டான்.

குழுவுக்கான விதிகளை எழுதியது நான். குற்றச்சாட்டு எழுத்தில் இருக்க வேண்டும், மாணவருக்கு முன்கூட்டியே அறிவிப்பு தர வேண்டும், அவர் துணைக்கு ஒருவரை அழைத்துவரலாம், புகார் சொன்னவரைக் கேள்வி கேட்கலாம், முடிவு பிடிக்காவிட்டால் முதல்வரிடம் மேல்முறையீடு செய்யலாம். நாலைந்து கல்லூரிகளின் இணையதளங்களைப் பார்த்து, நல்லதாகத் தோன்றியதையெல்லாம் சேர்த்தேன். யாரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் கொஞ்சம் தாராளமாகவே சேர்த்தேன்.

அந்த வருடம் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. துணை முதல்வர் என்னைக் கூப்பிட்டு, “ஒழுங்குக் குழு இந்த வருஷம் எத்தன கேஸ் விசாரிச்சுதும்மா?” என்றார்.

“ஒண்ணுகூட இல்ல சார்,” என்றேன் பெருமையாக.

அவர் முகம் வாடிவிட்டது. “அப்ப குழு தூங்குதுன்னு இல்ல நெனைப்பாங்க.”

உண்மை என்னவென்றால், எங்கள் பிள்ளைகள் ஒன்றும் சாதுக்கள் இல்லை. சண்டையோ கலாட்டாவோ நடந்தால் உடற்கல்வி இயக்குநர் மைதானத்தில் நின்று ஒரு சத்தம் போடுவார். அதோடு முடிந்துவிடும். குழுவரை எதுவும் வந்து சேர்வதில்லை. மாணவப் பிரதிநிதியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “யார் வேணும்னு சொல்லுங்க மேடம், பேசிப் பாக்கறேன்,” என்றான்.

அப்படிக் காத்திருந்தபோதுதான் வாட்ச்மேன் ஒரு நாள் காலையில் வந்து, வரலாறு இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்ததாகச் சொன்னார். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கவே கஷ்டமாக இருந்தது. “எழுதிக் குடுங்கண்ணா,” என்றேன்.

“எழுதியெல்லாம் குடுக்கணும்னா, நான் பாக்கவே இல்ல மேடம்.”

டீ வாங்கித் தந்து, அவர் சொல்லச் சொல்ல நானே எழுதி, கையெழுத்து வாங்கினேன்.

விசாரணை நாளில் அந்தப் பெண் தனியாக வந்தாள். ஒல்லியானவள், சேதராப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அம்மாவுக்கு அங்கே தொழிற்பேட்டையில் வேலை. “துணைக்கு ஆள் கூட்டியாரலாம்னு போட்டிருந்தீங்க. அம்மாவுக்கு ஷிஃப்ட்டு. பரவால்ல, நானே பேசிக்கறேன்,” என்றாள். அவள் கையில் என் விதிகள் இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் பேனாவால் கோடு போட்டிருந்தாள். நான் எழுதியதை ஒருத்தர் இவ்வளவு அக்கறையாகப் படித்து அதுவரை நான் பார்த்ததில்லை. அந்த நிமிடமே அவள் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

துணை முதல்வர் குற்றச்சாட்டைப் படித்தார். அவள் எழுந்து நின்றாள்.

“சார், விதியில ‘அனுமதியின்றி வளாகத்தை விட்டு வெளியேறுதல்’னுதான் இருக்கு. நான் வெளிய போவல. உள்ளதான் வந்தேன். பஸ் லேட்டு. கேட்ட சாத்திட்டாங்க. மொத கிளாஸ்ல டெஸ்ட்டு.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே வருவதற்காக ஒருத்தர் சுவர் ஏறுவார் என்று நான் நினைத்துப்பார்த்ததே இல்லை.

அடுத்து, வாட்ச்மேனைக் கேள்வி கேட்க வேண்டும் என்றாள். அவரைக் கூப்பிட்டோம்.

“அண்ணா, நான் சொவத்துல ஏறனத பாத்தீங்களா, எறங்கனத பாத்தீங்களா?”

“மொதல்ல உன் பை வந்து விழுந்துச்சு. அதத்தான் பாத்தேன்.”

“அப்பறம்?”

“அப்பறம் நீ பைய தட்டிக்கினு இருந்த.”

“ஏறனத பாக்கல. எழுதிக்குங்க மேடம்,” என்றாள் என்னிடம். எழுதிக்கொண்டேன்.

அந்த இடத்தில் சுவர் பாதி இடிந்திருக்கிறது, கல்லும் குவிந்து கிடக்கிறது, அது ஏறுவது இல்லை, தாண்டுவது என்பது அவளுடைய கடைசி வாதம். இயக்குநருக்கு ஆர்வம் வந்துவிட்டது. “நேர்ல பாத்துடலாம் சார்,” என்றார். உள்பக்கம் முள்ளும் குப்பையுமாக இருந்ததால், வெளியே சந்து வழியாகப் போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

நாங்கள் ஐந்து பேரும் கேட்டைத் தாண்டியதும், வாட்ச்மேன் விதிப்படி கேட்டைச் சாத்திச் சங்கிலி போட்டார்.

சுவர் அவள் சொன்ன மாதிரியேதான் இருந்தது. இயக்குநர் முழம் போட்டு அளந்தார். துணை முதல்வர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்து, “போன்,” என்றார். திரும்பி வந்தால் கேட் பூட்டியிருந்தது, ஆள் இல்லை. தட்டினோம். போன் போட்டோம். வாட்ச்மேனின் கைப்பேசி அவர் அறைக்குள்ளேயே பக்திப் பாட்டாக ஒலித்து ஓய்ந்தது. அவர் சாப்பிடப் போய்விட்டார் என்று புரிந்தது.

“பிரின்சிபாலுக்குப் போடட்டுமா சார்?” என்றேன்.

“வேணாம்மா. எங்க போனீங்கன்னு கேப்பாரு.”

உச்சி வெயில். ஆளுக்கொரு துண்டு நிழல் தேடி நின்றோம். பிறகு துணை முதல்வர் அந்தப் பெண்ணைப் பார்க்காமல், எதிரே இருந்த கரண்ட் கம்பத்தைப் பார்த்துச் சொன்னார். “நீயே கொஞ்சம் உள்ள போயி, அவர வரச்சொல்லும்மா.”

“எப்பிடி சார் போறது?”

“நீ... வர்ற வழியிலதான்.”

அவள் தயங்கினாள். “எழுத்துல குடுக்கறீங்களா சார்?”

மாணவப் பிரதிநிதி இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். துணை முதல்வர் எழுதித் தரத் தயாராக இல்லை. அவள் எழுத்து இல்லாமல் போகத் தயாராக இல்லை. கடைசியில் இயக்குநர், “நானே போறேன். கல்லூரி அணியில உயரம் தாண்டினவன் நானு,” என்று சொல்லிச் சந்துக்கு நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

ஏறினார். நன்றாகவே ஏறினார். சுவரின் மேல் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான், உள்பக்கம் தரை இன்னும் பள்ளம் என்பது தெரிந்தது. அங்கே போகவும் முடியவில்லை, இங்கே வரவும் முடியவில்லை.

“சார், எடது கால மொதல்ல கொண்டாங்க,” என்று அந்தப் பெண் கீழே நின்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். “கீழ பாக்காதீங்க. அந்த வேப்பங்கெளைய புடிங்க. அதில்ல சார், அது காஞ்சது.”

காய்ந்த கிளை முறிந்த சத்தத்துக்கு உள்ளிருந்து வாட்ச்மேன் ஓடிவந்தார், ஒரு கையில் தடியும் மறு கையில் சாப்பிட்ட ஈரமுமாக. சுவர் மேல் இயக்குநரைப் பார்த்தார். இடிந்த பகுதி வழியாக எங்கள் தலைகளையும் பார்த்தார்.

“இதயும் எழுதிக் குடுக்கணுமா மேடம்?” என்றார்.

கேட் திறந்தது. இயக்குநரை ஏணி வைத்து இறக்கினோம். அறைக்கு வந்து தண்ணீர் குடித்து, தீர்மானம் செய்தோம். மாணவி மீது குற்றம் ஏதும் இல்லை. வெளியூர் பஸ்ஸில் வருகிறவர்களைத் தாமதமானாலும் அடையாள அட்டை பார்த்து உள்ளே விட வேண்டும். சுவரைச் சரிசெய்ய வேண்டும். அறிக்கையில், ‘குழுவினர் சம்பவ இடத்தைப் பல கோணங்களிலிருந்து ஆய்வு செய்தனர்’ என்று எழுதினேன். இயக்குநர் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு அந்தப் பெண்ணைக் கல்லூரி அணியில் சேரச் சொல்லிப் பார்த்தார்.

“கேட்டு தொறந்திருந்தா நான் ஏன் சார் குதிக்கப்போறேன்?” என்று சொல்லிவிட்டாள்.

மதிப்பீட்டுக் குழுவினர் கோப்பைப் புரட்டினார்கள். அதில் ஒருவர், “மேல்முறையீடு எதையும் காணோமே,” என்றார். மாணவி ஜெயித்துவிட்டாள் என்றேன். “அப்ப வாட்ச்மேன் செஞ்சிருக்கலாமே,” என்றார் வருத்தமாக.

அடுத்த ஆண்டு குழுவுக்கு மாணவப் பிரதிநிதி வேண்டியிருந்தது. விதிகளை முழுதாகப் படித்த ஒரே ஆள் என்று அவள் பெயரை நான்தான் சொன்னேன். இப்போது அவள் எனக்கு இடப்பக்கம் உட்காருகிறாள். நாங்கள் யாரும் அவள் அளவுக்குக் கண்டிப்பு இல்லை. வீராம்பட்டினத்துப் பையன் ஒருவன் தொடர்ந்து தாமதமாக வந்ததற்குப் பஸ்ஸைக் காரணம் சொன்னபோது, “அதுக்கு முந்தன பஸ்ஸு எத்தன மணிக்கு?” என்று கேட்டு, அவன் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் இன்னொரு கேள்வி வைத்திருந்தாள். துணை முதல்வர் பாவம் பார்த்து அவனுக்குத் தண்ணீர் நகர்த்தி வைத்தார். கூட்டம் இருக்கும் நாட்களில் நான் ரெட்டியார்பாளையம் வீட்டிலிருந்து ஸ்கூட்டியைச் சீக்கிரமாகவே எடுத்துவிடுகிறேன்.