உதட்டில் இருந்த வரிகள்

எங்கள் மகள் மூளைக்காய்ச்சலில் இறந்த பிறகு நானும் என் மனைவியும் அவளைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம். முடிவெடுத்துச் செய்த காரியமில்லை. நான் பேச்செடுத்தால் மனைவி அழுவாள் என்று நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் என்னைப் பற்றி அப்படியே நினைத்திருப்பாள். தொண்ணூறுகளின் நடுவில், சிங்காநல்லூர்ப் பக்கம் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். குழாயில் தண்ணீர் வந்ததா, எனக்கு எந்த ஷிப்ட், இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா, இவ்வளவுதான் பேச்சு. வாரத்துக்கு வாரம் அதுவும் குறைந்தது. இப்படியே போனால் ஒரே வீட்டில் இரண்டு வெளியாட்களாகிவிடுவோம் என்று எனக்குப் பயம் வந்தது. ஆனால் அதை எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை.

நான் மில்லில் நூல் நூற்கும் மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அங்கே இரையும் இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் குரல் கொடுக்காமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவோம். டீக்குப் போகலாமா, மேஸ்திரி வருகிறார், உன் மச்சான் கல்யாணம் என்ன ஆச்சு, எல்லாமே உதட்டில்தான். புதிதாக வருகிறவர்களுக்குக்கூடச் சீக்கிரம் பழகிவிடும்.

அஞ்சாவதோடு என் படிப்பு முடிந்தது. நாலு பேர் கூடினால் பின்னால் போய் நிற்கிற ஆள் நான். பாப்பா போன பிறகு, மிஷினோரம் நடந்து அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டு போகும்போது என் வாயில் வரிகள் வர ஆரம்பித்தன. கவிதை எழுதுகிறோம் என்று நினைக்கவில்லை. நடைக்கு ஏற்றபடி வந்தன, சொல்லிக்கொண்டேன்.

பனித்துளி போல வந்தாய்,
வெயில் வருமுன் போய்விட்டாய்,
சத்தமில்லாத என் பொன்னே,
எந்த இலையில் இருக்கிறாய்?

இதைச் சொன்னால் நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் இளகும். ஒருநாள் எதிர் மிஷினில் நின்ற கூட்டாளி என் வாயைப் பார்த்துவிட்டு உதட்டாலேயே கேட்டான்: "ஏப்பா, ஆரத் திட்டறே? மேஸ்திரியவா? எனக்கும் சேத்தி ரெண்டு போடு." சிரித்து மழுப்பினேன். அதிலிருந்து மில்லில் குனிந்துகொண்டுதான் சொல்வேன்.

வீட்டில் அந்தக் கவனம் இல்லை. உதடு பாட்டுக்கு அசையும். குரல் வெளியே வராதபோது யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்தேன். என் மனைவி கல்யாணத்துக்கு முன்பு வேறொரு மில்லில் வேலை பார்த்தவள். தெரிந்த விஷயம்தான், ஆனால் நினைவுக்கு வரவே இல்லை. உதட்டைப் படிப்பது மில்லோடு முடிந்துபோகிற சங்கதி என்று எண்ணிவிட்டேன் போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். முறத்தின் சத்தம் நின்றது.

"ஏனுங்க, அது ஆருங்க?"

"ஆரு?"

"சத்தமில்லாத பொன்னேன்னு தெனமும் சொல்றீங்களே, அது."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. "சும்மா, வாய்க்கு வந்தது அம்மணி."

"நம்ம பாப்பாவா?"

தலையை ஆட்டினேன். அழப்போகிறாள் என்று பார்த்தால் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவளா சத்தமில்லாத பொன்னு? வாயக் குவிச்சு மில்லுச் சங்காட்டம் ஊதுவாளே! அவ ஊதுனதுக்கே, மொத ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதீருச்சுன்னு கோடி ஊட்டு அண்ணன் சோத்துத் தூக்குப்போசியத் தூக்கிட்டு மில்லு கேட்டு வரைக்கும் ஓடிப்போட்டு வந்தாரே, மறந்துபோச்சுங்களா? பனித்துளியாம். வெயில்ல ஆடி ஆடிக் கருத்துக் கெடந்தா. நீங்க வேற ஆரோ ஒரு புள்ளையப் பத்திச் சொல்லிட்டிருக்கறீங்க. என்ற புள்ளையச் சொல்லுங்க."

முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னது சரிதான். பனியும் இலையும் எந்தக் குழந்தைக்கும் பொருந்தும். ஆனால் அவற்றைச் சொல்லும்போது வலியைத் தாங்க முடிந்தது. மறுநாள் மிஷினோரம் சங்கை நினைத்ததும் பாப்பா இரண்டு கன்னத்தையும் உப்பிக்கொண்டு எதிரே வந்து நின்றாள். இழைகள் அறுந்து கிடப்பதைப் பார்க்காமல் நின்றுவிட்டேன். மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க ஒரு வரி வருவதும் அதைப் பாதியில் விட்டு இழை ஒட்டப் போவதுமாகவே போனது. ஆனாலும் விடவில்லை. என் மனைவி வாய்விட்டுக் கேட்டுக்கொண்டதாயிற்றே.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து அடுப்படி வாசலில் நின்றேன். அவள் திரும்பினாள். என் உதடு அசைந்தது. சட்டென்று முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நா பாக்க மாட்டேன். வாயத் தொறந்து சொல்லுங்க."

"வருல அம்மணி."

"வரும். சொல்லுங்க."

மில்லுக்காரனுக்கு இரண்டு அளவுதான். ஒன்று குரலே இல்லாத பேச்சு, இல்லாவிட்டால் கத்தல். நான் அதுவரை முதலாவதை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன். அன்றைக்கு வந்தது இரண்டாவது.

சங்குக்கு முன்னால் ஊதியவளே,
தெருவை எழுப்பி ஓடவிட்டவளே,
இன்றைக்கும் மில்லில் சங்கு ஊதுகிறது,
நீ ஊதின மாதிரி இல்லையே.

ஓட்டுக் கூரையில் பட்டு எனக்கே திரும்பக் கேட்டது. அவள் கரண்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை. திரும்பியபோது இரண்டும் முகத்தில் இருந்தன.

"இது அவதானுங்க" என்றாள்.

அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கே வந்துவிட்டார். "ஏனம்மணி, என்ன சண்டை? அந்தத் தம்பி சத்தம் போட்டு நா கேட்டதே இல்லியே!"

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

"சண்டையெல்லாம் இல்லீங்கக்கா. எங்க பாப்பாவப் பத்திப் பேசிட்டிருக்கறோம். உள்ள வாங்க."

அந்த அக்கா ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.