அம்மாவுக்கு நான் போட்ட மார்க்

அப்போது நான் ஏழாம் வகுப்பு. எங்கள் வீட்டில் ஆங்கிலம் என்றால் நான் வைத்ததுதான் சட்டம். 'ஆல்ரெடி', 'ஸ்டில்', 'யெட்' ஆகிய மூன்றையும் வாக்கியத்தில் எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லக் கடலூர் முதுநகரிலேயே என்னை விட்டால் ஆள் இல்லை என்பது என் நினைப்பு. என்னிடம் படித்த ஒரே மாணவி அம்மா.

கல்யாணத்துக்குப் பிறகு சிதம்பரத்தில் அஞ்சல்வழியில் பி.ஏ. சேர்ந்தவள் அவள். மற்றப் பேப்பரெல்லாம் முடிந்துவிட்டது. ஆங்கிலம் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. இந்த முறையும் போனால் படிப்புக்கு முழுக்கு என்று அவளே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். எனக்கோ, என் மாணவி பெயிலாகக் கூடாதே என்பதுதான் பெரிய கவலை.

பள்ளி விட்டு வந்ததும் டியூஷன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அம்மா பத்து வாக்கியம் எழுதுவாள். நான் சிவப்புப் பேனாவோடு காத்திருப்பேன். ரயில் ஏற்கெனவே போய்விட்டது, மழை இன்னும் விடவில்லை என்றுதான் எங்கள் டீச்சர் எழுதிப் போடுவார். அம்மாவோ, நான் இன்னும் காலேஜில் போய் உட்காரவில்லை, என்னோடு படித்தவர்கள் ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டார்கள் என்றே எழுதிக்கொண்டிருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

"ஏம்மா, ரயிலு, மழைன்னு எழுத மாட்டியா? எப்பப் பாரு இதையே எழுதுற."

"என்னாடி பண்றது, அதான் வருது."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, சும்மா இருக்க மாட்டார். "அக்கா, ஒன் வாத்தியாரு பெரம்பு எடுக்காத வரைக்கும் சந்தோஷப்படு."

பரீட்சையன்று அப்பா சிப்காட் கம்பெனியில் லீவு போட்டு எங்களைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனார். வாசலில் அம்மா ஹால் டிக்கெட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். "பதறாம எழுதும்மா," என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி அனுப்பினேன்.

ரிசல்ட் போனில் வந்தது. பாஸ். அப்பா மூன்று தடவை படித்துப் பார்த்தார். என்னால்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்கும் சொல்வேன், அதிலென்ன வெட்கம்? அதற்குப் பிறகு நான் வாங்கிய எந்தப் பரிசும் எனக்கு அவ்வளவு பெருமை தரவில்லை.

தெருவைச் சுற்றிவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பியபோது, கேட்காமலே அம்மா நோட்டை எடுத்து ஒரே ஒரு வாக்கியம் எழுதி நீட்டினாள். 'ஐ ஆம் நவ் எ கிராஜுவேட்.' 'நவ்' அதன் இடத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. டிக் அடித்து, பத்துக்குப் பத்து போட்டுக் கொடுத்தேன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு தப்பும் இல்லாமல் எழுதிவிட்டு எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை.